துலா அளந்த தண்ணீர்

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளில் நிலத்தை விதையால் அளந்திருப்பார்கள். மேட்டு நிலமானால் இத்தனை பரப்பு வரகு விதைப்பு, வயலானால் இத்தனை பரப்பு நெல் விதைப்பு. ஓர் ஏக்கருக்கு வரகுப் பரப்பு 16, நெற்பரப்பு 24. சொல் ஒன்று, அளவு இரண்டு. ஒரு மண்ணில் எது விளையும் என்று தீர்மானித்த பிறகே அந்த மண் எவ்வளவு என்று சொல்லும் வழக்கம் அது. பரப்பைச் சொன்னதோடு உறுதி முடிவதில்லை. கிணற்றில் இன்ன பங்கு, அந்தக் கிணற்றுக்குப் போகும் வழி, தண்ணீர் வரும் வாய்க்கால் என்று அடுத்த வரிகள் ஓடும். வரகு விதைப்பது ஏறக்குறைய ஒழிந்துபோய்விட்டது. உறுதியில் மட்டும் வரகுப் பரப்பு இன்னும் இருக்கிறது. ஒரு நாட்டு மக்கள் தங்கள் காலநிலையை எவ்வளவு தூரம் படித்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியவில்லை. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் விளைவித்து, உலர்த்தி, சேமித்து வாழும் கைப்பழக்கங்களை இன்று பலர் புதிதாகக் கற்க விரும்புகிறார்கள். விதைப் பொட்டலமும் நட்டுவளர்க்கும் பையும் வாங்குவதிலிருந்து அந்தக் கல்வி தொடங்குகிறது. யாழ்ப்பாணத்து வளவின் வரலாறு வேறோர் இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது: இந்த இடத்தில் எது குறைவு என்பதிலிருந்து.

குடாநாட்டில் குறைவு தண்ணீர். ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர் நிலத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலோடு சேர்ந்து, கோடையில் பெயராக மட்டும் நிற்கும். மழை குறைவென்று சொல்ல முடியாது. ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் வாடைக்காற்றோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதங்களில் வெயில். வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும்வரை மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் சோளகக் காற்று. கொட்டிய மழையை வைத்திருப்பது கீழே உள்ள சுண்ணாம்புக் கல். அதன் துளைகளிலும் வெடிப்புகளிலும் நன்னீர் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. இதன் மறுபக்கம் கொடியது. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே 40 அடிக்கு உப்பு ஏறி வரும். புத்தூரின் நிலாவரைக் கிணற்றிலும் கடலோரத்துக் கீரிமலைக் கேணியிலும் வெளித்தெரியும் தண்ணீர் இந்தக் கல்லுக்குள் இருந்து வருவதுதான். ஆகவே இங்கே விவசாயம் செய்ய வந்தவர்கள் கற்க வேண்டிய முதல் திறமை, ஒரு நாளைக்கு எவ்வளவு இறைக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்வது.

அதைக் கற்பித்த கருவி துலா. கிணற்றருகே நட்ட ஆடுகாலில் நீண்ட மரம் ஒன்று பொருந்தியிருக்கும். ஒரு முனையில் கயிறும் பனையோலைப் பட்டையும். ஒருவரோ இருவரோ துலாவின் மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார்கள். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். தோட்டத்தில் இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்கும் வேலை. இந்த அமைப்பில் ஒரு பாத்திக்குப் போகும் தண்ணீரின் ஒவ்வொரு பட்டையும் ஒரு மனிதரின் காலடியால் எண்ணப்பட்டது. வீணாய் ஓடும் வாய்க்கால் ஒருவரின் முழங்கால் வலியாகத் தெரிந்தது. எனவே வாய்க்கால்களை மெழுகியதுபோல் வைத்திருந்தார்கள், பாத்திகளைச் சிறியனவாகக் கட்டினார்கள், ஈரத்தைப் பிடித்துவைக்க மண்ணுக்குள் இலையைப் புதைத்தார்கள். துலா ஒருநாளில் எடுக்கக்கூடிய தண்ணீர் இரவில் கிணறு ஊறித் திருப்பித் தரக்கூடிய அளவைப் பெரிதும் தாண்டவில்லை. யாரும் திட்டமிட்டு இப்படி ஓர் இசைவை உண்டாக்கவில்லை. மனித உடம்பின் வலுவும் சுண்ணாம்புக் கல்லின் ஊற்றும் தற்செயலாக ஒத்துப்போயின. நான் முன்வைக்கும் வாதம் இதுதான்: காலநிலைக்கு ஏற்ற வீட்டுத் தொழில்கள் என்று நாம் இன்று போற்றுபவை எல்லாம் இப்படி ஓர் எல்லை உடம்பில் உறைத்ததால் உண்டானவை. எல்லை உறைக்காத இடத்தில் அந்தத் திறமைகளைத் தனித்தனியே கற்றாலும் அவை நிலைப்பதில்லை.

தண்ணீருக்கு அடுத்த குறைவு மண்ணின் சத்து. வலிகாமத்துச் செம்மண் பார்க்கச் செழிப்பாக இருக்கும். ஆனால் ஆழம் குறைந்தது, சத்தைப் பிடித்துவைக்காதது. இதற்கு யாழ்ப்பாணம் கண்ட விடை வேலி. வேலி என்றதும் எல்லைத் தகராறும் அயலவர் கண்ணை மறைக்கும் ஒதுக்கமும்தான் பலருக்கு நினைவு வரும், இரண்டும் உண்மைதான். ஆனால் பயிர்செய்பவரின் கண்ணில் வேலி ஒரு தோட்டம். மாரி தொடங்கும்போது கிளுவை, பூவரசு, முள்முருக்கை, வாதராசி ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக நடுவார்கள். அவை வேர்விட்டுத் தளிர்த்ததும் மரமே தூணாகிவிடும். இடைவெளியைக் கிடுகாலோ பனையோலை மட்டையாலோ அடைப்பார்கள். கோடையில் கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்குப் போகும்; மிஞ்சியது தறையில் தாழ்க்கப்படும். ஆடு தின்ற குழை எருவாகித் தோட்டத்துக்கே திரும்பும். அறுவடை முடிந்த தறையில் ஆட்டுப்பட்டியை இரவில் அடைத்து, நாளுக்கு நாள் இடம் மாற்றி, நிலம் முழுவதையும் எருவூட்டுவதும் உண்டு. வேலியில் உக்கிய ஓலையும் கூரையிலிருந்து கழற்றிய ஓலையும் எறியப்படுவதில்லை. புகையிலைத் தறையில் புதைக்கப்படும். அது போதாதபோது தரிசில் தானாக வளரும் காவிளாயைப் பிடுங்கி வந்து தாழ்ப்பார்கள். ஓலை மரத்திலிருந்து வேலிக்கு, வேலியிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து பயிருக்குப் போனது. வேலி அடைக்கத் தெரிந்த ஒருவர் எரு, தீவனம், காற்றுத் தடுப்பு என்ற மூன்றையும் கூடவே அறிந்திருந்தார்.

பனையைப் பற்றிப் பெருமையாக எழுதப்பட்டவை ஏராளம். வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் அதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். ஒன்பது ஆண்டு கழித்து எமர்சன் டெனன்ட் தன் இலங்கை நூலில் விரித்தெழுதினார். பயன்களின் பட்டியல் அவர்களை வியக்கவைத்தது. என்னைக் கவர்வது பட்டியலைவிடப் பனையின் நாட்காட்டி. பழம் ஆவணியில் விழத் தொடங்கும். அப்போது இன்னும் வெயில் இருப்பதால் களியைப் பிழிந்து பாயில் ஊற்றி, அடுக்கடுக்காகக் காயவைத்துப் பனாட்டாக்க முடிகிறது. மழைக்கு முன் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கிவிட்டால் இறைப்பே தேவையில்லை. மாரி மழையே முளைக்கவைக்கும். மழை ஓயும் தை மாதத்தில் கிழங்கு பிடுங்கத் தயாராக இருக்கும். அடுத்து வரும் மாசி, பங்குனி வெயிலில் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அதே வெயில் காலத்தில் பாளை சீவினால் கருப்பநீர். உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டி அதைப் புளிக்கவிடாது. காய்ச்சினால் பனங்கட்டி. ஒரு சொட்டுக் கிணற்று நீரையும் கேளாமல், மழையும் வெயிலும் மாறிவரும் வரிசையை மட்டும் நம்பி, ஆண்டு முழுவதற்கும் உணவு சேமிக்கிற முறை இது. இதில் நுணுக்கமும் உண்டு. ஒடியல் மா கசக்கும்; நீரில் ஊறவைத்து, நீரை வடித்து மாற்றிய பிறகே கூழுக்கோ பிட்டுக்கோ எடுப்பார்கள். வேப்பம்பூ வடகமும் இந்த நாட்காட்டியைச் சேர்ந்ததுதான். வேம்பு பூக்கும் காலமும் வடகம் காயத் தேவையான வெயிலும் ஒன்றாக வருகின்றன.

இவையெல்லாம் ஆதிகாலத்திலிருந்து மாறாமல் வந்த மரபு என்று நினைப்பது இலகு. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. குடாநாட்டுத் தோட்டக்காரரின் பெருமையான புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. மிளகாயும் மரவள்ளியும் அப்படியே. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். அந்த நூற்றாண்டுகளில் பரவிய புகையிலை திருவிதாங்கூர்ச் சந்தையை எட்டி, ஆங்கிலேயர் காலத்தில் குடாநாட்டின் முக்கியமான வருமானமாக நின்றது. ஆனால் அந்நியச் செடியை இங்குள்ளவர்கள் உள்ளூர் வரிசைக்குள் பொருத்தினார்கள். மழை ஓய்ந்தபின் நட்டு, துலா நீரில் வளர்த்து, பனையோலையும் ஆட்டெருவும் கொடுத்து, தேங்காய்ப் பொச்சின் புகையில் குடிலுக்குள் பதப்படுத்தினார்கள். இன்று வேலிகளில் எங்கும் நிற்கும் சீமைக்கிளுவையும் பின்னாளில் வெளியிலிருந்து வந்ததுதான். ஆகவே மரபு என்பது ஒரு செடிப் பட்டியல் என்று கொள்வது தவறு. புதிய செடியை எந்த மாதத்தில், எந்தத் தண்ணீரில், எந்த எருவோடு சேர்ப்பது என்று தீர்மானிக்கும் அறிவே அங்கே மரபாக இருந்தது. அந்த அறிவும் ஊருக்கு ஊர் வேறு. வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் என்றால், தென்மராட்சி மணலில் தென்னையும் பலாவும் மாவும். நெடுந்தீவில் வேலிக்குப் பவளப்பாறைக் கற்களை அடுக்கினார்கள். ஒரே மாவட்டத்துக்குள் கதியால் வேலி கல்வேலியாகிவிட்டது. காலநிலைக்கு ஏற்ற திறமை என்று பேசும்போது ‘வெப்ப வலயம்’, ‘வறண்ட வலயம்’ என்ற பெரிய பெயர்கள் போதாது என்பதற்கு இந்தச் சிறு குடாநாடே சாட்சி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இவ்வளவு திறமையும் குடாநாட்டுக்குச் சோறு போட்டதா? போடவில்லை. மொட்டைக்கறுப்பன் போன்ற நெல்லினங்கள் மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் விளைந்தன. அது மக்கள்தொகைக்குப் போதவில்லை. வன்னியிலிருந்தும் கடல்கடந்தும் அரிசி வந்தது. புகையிலை விற்ற பணம் அந்த அரிசியை வாங்கியது. எனவே யாழ்ப்பாணத்து வளவைத் தன்னிறைவின் எடுத்துக்காட்டாகக் காட்டுகிறவர்கள் பொய்யைக் காட்டுகிறார்கள். ஆனால் இது என் வாதத்தைப் பலப்படுத்துகிறது என்றே கருதுகிறேன். வளவு எல்லாவற்றையும் விளைவிக்கப் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீரில் முடிந்ததை விளைவித்து, முடியாததைச் சந்தையிடம் விட்டது. காய்கறி, கிழங்கு, முட்டை, பால், எரு, எரிவிறகு, கூரை, வேலி ஆகியவற்றில் வீடு தன் காலில் நின்றது, அரிசியில் நிற்கவில்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்திருந்ததும் ஒரு திறமைதான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது; அதற்கு எளிய பதில் இல்லை. துலாவை மிதித்தது யார்? பனையில் ஏறியது யார்? நிலமும் கிணற்றுப் பங்கும் பெரும்பாலும் வெள்ளாளர் உறுதிகளில் இருந்தன. இறைத்தவர்களிலும் கொத்தியவர்களிலும் ஏறியவர்களிலும் பெரும்பாலோர் பள்ளரும் நளவரும். 1707இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1844இல். அதன்பின்னும் நூறு ஆண்டுக்கு மேல், தம் கால்களால் ஊருக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் அந்தக் கிணறுகளில் தாமாக அள்ளிக் குடிக்க முடியாமல் இருந்தார்கள். கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்று பெயர் வைத்ததன் பொருள் குடாநாட்டவருக்குச் சொல்லாமலே விளங்கும். 1957இன் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும் 1960களின் ஆலய நுழைவு, தேநீர்க்கடைப் போராட்டங்களும் இந்த அநீதியின் மேல் விழுந்த அடிகள். எனவே எல்லை உடம்பில் உறைத்தது என்று நான் மேலே எழுதியதைத் திருத்த வேண்டும்: அது உறைத்தது வேறொருவரின் உடம்பில். நிலத்தின் உடைமை ஒரு கையிலும் நிலத்தின் அறிவு வேறொரு கையிலும் இருந்தன. கொடுமை என்பதோடு, இந்தப் பிளவு அந்தத் திறமையின் ஆயுளையும் குறைத்தது. உழைத்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் வேறு தொழிலுக்கும் போனபோது, அவர்கள் போனது முற்றிலும் நியாயமானது, துலாவில் ஏற ஆளில்லாமல் போயிற்று. அறிவை உழைத்தவரோடு சமமாகப் பகிராத சமூகம், அவர் விலகியதும் கருவியை மாற்றுவதைத் தவிர வேறு வழி அறியவில்லை.

அந்தக் கருவி நீரிறைக்கும் இயந்திரம். 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டம் தோட்டமாகப் பரவின. மனித முதுகு விடுதலை பெற்றது. இதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. கூடவே பட்டையின் எண்ணிக்கையும் போய்விட்டது. 1970க்குப் பின் சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் விலை ஏறி, குடாநாட்டு இளைஞர்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். இயந்திரமும் யூரியாவும் சேர்ந்து, முன்பு எண்ணிப் பார்க்க முடியாத விளைச்சலைத் தந்தன. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அந்த விலையைக் கவிழ்த்தது. தண்ணீரில் ஏற்பட்ட மாற்றம் கவிழவில்லை, தொடர்ந்தது. கடலோரக் கிணறுகளில் உவர் ஏறிற்று. செம்மண் வழியே இறங்கிய உரத்தின் நைத்திரேற்று, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த அளவைத் தாண்டியது. கடல்நீரேரிகளை நன்னீராக்கும் திட்டத்தை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலேயே முன்வைத்திருந்தார். அது முழுமையாக நிறைவேறவில்லை. புதிய நீர் வராமலே பழைய நீரின் செலவு கூடிக்கொண்டு போனது.

போர்க்காலத்தில் இந்த வரலாறு சிலகாலம் திரும்பி நடந்தது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடை எரிபொருளையும் யூரியாவையும் குடாநாட்டுக்குள் வரவிடாமல் நிறுத்தியது. ஆட்டெருவும் குழையும் மீண்டும் விலைபெற்றன. சவர்க்காரத்துக்குப் பதில் பனங்களியில் துணி தோய்த்தார்கள். ஒடியல் மா சட்டிக்குத் திரும்பியது. இதைச் சொல்லும்போது கவனம் வேண்டும். அது பட்டினியின் காலம், நோயாளிக்கு மருந்து கிடைக்காத காலம். பழைய முறைகளின் மறுமலர்ச்சி என்று அதைக் கொண்டாடுவது அந்த மக்களுக்குச் செய்யும் அவமதிப்பு. ஆனால் ஓர் உண்மையை அது காட்டியது. ஒடியலும் குழையும் தாழ்ப்பும் அப்போது நாற்பது, ஐம்பது வயதில் இருந்தவர்களின் கைகளில் இன்னும் இருந்தன. அதனால்தான் திரும்ப முடிந்தது. அதே போர் அந்தத் தொடரை அறுத்தும் விட்டது. பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் பெருந்தொகையாகச் சரிக்கப்பட்டன. வலிகாமம் வடக்கின் செம்மண் நிலம் உயர்பாதுகாப்பு வலயமாகப் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது. அகதி முகாம்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு மாரி தொடங்கும்போது கதியால் நட வளவே இருக்கவில்லை.

2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்திய அரசு, அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி முற்றியதும் வீட்டுத்தோட்டம் செய்யும்படி நாட்டை அழைத்தது. 2022 ஜூனில், அரச ஊழியர்கள் வீட்டில் பயிர்செய்ய வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தருவதென்று முடிவானது. நோக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பசி வாசலில் நின்ற நேரம் அது. ஆனால் ஜூன் என்பது யாழ்ப்பாணத்தில் சோளகம் அடிக்கும் மாதம். மழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும். அப்போது நடும் ஒவ்வொரு செடியும் அந்த வில்லையிலிருந்தே குடிக்க வேண்டும். குழை தாழ்த்திப் பல ஆண்டு பழகாத மண்ணில் உரத்தை மட்டும் நிறுத்தினால் விளைச்சல் விழும் என்பதை நாடு முழுவதும் ஒரே போகத்தில் கண்டது. கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் பருத்தித்துறைக்கும் ஒரே நாளில் பொருந்தும் பயிர்த் தொடக்கம் கிடையாது. வரகுப் பரப்பும் நெற்பரப்பும் எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள்.

இன்று வலிகாமத்தில் வளவு ஒன்றைத் திருத்த விரும்புகிறவர் துலாவை மறுபடி நட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். யாரும் யாருக்காகவும் அதன் மேல் ஏறக்கூடாது. அதன் எண்ணிக்கையை வேறு வழியில் திரும்பப் பெறலாம். மின்சார இயந்திரம் ஓடும் நேரத்தைக் குறித்துவைக்கலாம். கோடையில் கிணற்றின் நீர்மட்டத்தை வாரத்துக்கு ஒருமுறை கயிறு விட்டு அளக்கலாம். கூரை நீரைக் கிணற்றருகே மண்ணில் இறக்கலாம்; ஊர்க் குளத்தைத் தூர்வார அயலவரோடு சேரலாம். இவற்றில் எதற்கும் சாதியும் தேவையில்லை, முழங்கால் வலியும் தேவையில்லை. கடினமானது வேலிதான். போருக்குப் பின் வெளிநாட்டுப் பணத்தில் ஊரெங்கும் மதில்கள் எழுந்திருக்கின்றன. ஆண்டுதோறும் ஓலை வாங்கி, ஆள் பிடித்து அடைக்கும் செலவிலிருந்து அவை வீடுகளைக் காப்பாற்றின; களவுப் பயமும் குறைந்தது. கதியால்கள் போனதோடு குழை போயிற்று, குழையோடு ஆடு போயிற்று, ஆட்டோடு எருவும் போயிற்று. மதிலின் உட்புறத்தில் இரண்டடி விட்டு, ஐப்பசி முதல் மழைக்குக் கிளுவைத் தடிகளை நட்டால், இரண்டு மூன்று ஆண்டில் வெட்டத் தொடங்கலாம்.